ஐம்பதை முதலில் தொடும் குருவி

கயானாவின் தலைநகரான ஜார்ஜ்டவுனில் குருவிக்கூண்டோடு நடந்துபோகும் ஆணை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வங்கி வரிசையில் கூண்டோடு நிற்கிறார்கள். மினிபஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொள்கிறார்கள். ஒரு கையால் சைக்கிள் ஹேண்டில்பாரையும் மறு கையால் கூண்டையும் பிடித்துக்கொண்டு ஸ்டாப்ரோக் சந்தை நெரிசலுக்குள் லாகவமாக வளைந்து போகிறார்கள். கூண்டு ஒரு முழம்கூட இராது. மெல்லிய மரச்சட்டங்கள், நடுவில் ஒரு குச்சி, அதில் ஒற்றைக் குருவி. சந்தை வாசலில் இளநீர் குடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம், எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று கேட்டேன். "எங்கேயும் இல்லை, ஊரைக் காட்டிக் கூட்டிக்கொண்டு வருகிறேன்" என்றார். ஹாரன் சத்தமும் ஆள்கூட்டமும் பழகாத குருவி, போட்டியன்று வாயைத் திறக்காதாம்.

கூண்டுகளில் பலவகைக் குருவிகள் இருந்தாலும் பேச்சும் பணமும் இரண்டைத்தான் சுற்றி வருகின்றன. ஒன்று டோவா-டோவா. மற்றது ட்வா-ட்வா. புதிதாகக் கேட்பவருக்கு ஒரே பெயரை இரண்டு பேர் இரண்டு விதமாக உச்சரிப்பதுபோல இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்துவிட்டால் குழப்பம் தீர்ந்துவிடும். டோவா-டோவா நம் வயல்களில் திரியும் சில்லை அளவுதான். அலகு நுனியிலிருந்து வால் நுனிவரை 12 சென்டிமீட்டர் சொச்சம், எடை 13 கிராம் வாக்கில். ஆணின் தலை, முதுகு, மார்பு எல்லாம் பளபளக்கும் கறுப்பு. மார்புக்குக் கீழே வயிறு முழுக்க ஆழ்ந்த செம்பழுப்பு. சிறகில் ஒரு வெள்ளைப் பொட்டு. ட்வா-ட்வா ஒரு சுற்றுப் பெரியது. 14 சென்டிமீட்டர், 20 கிராமை ஒட்டிய எடை. உடம்பில் செம்பழுப்பே கிடையாது, அடிமுதல் முடிவரை கறுப்பு, சிறகில் அதே வெள்ளைப் பொட்டு. ஆனால் அதன் உடம்பை யார் பார்க்கிறார்கள்? கண் போய் நிற்பது அலகில்தான். சுண்ணாம்பு நிறத்தில், முகத்தில் பாதியை அடைத்துக்கொண்டு, நெற்றியிலிருந்து நேராக இறங்கும் கட்டை அலகு. டோவா-டோவாவின் கறுப்பு அலகும் தடிமன்தான். இதன் பக்கத்தில் வைத்தால் அது சாதாரணமாகிவிடுகிறது.

பெண் குருவிகளைப் பற்றிச் சொல்ல அங்கே யாருக்கும் அதிகம் இல்லை. இரண்டு இனத்திலும் பெண் பழுப்பு நிறம். சட்டென்று வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. பந்தயத்தில் அதற்கு வேலையும் இல்லை. ஆணைச் சூடேற்றுவதற்காகச் சிலர் வீட்டில் ஒன்று வைத்திருக்கிறார்கள். காட்டில் கூடு கட்டுவதும் அடைகாப்பதும் அதுதான் என்பதை நினைக்கும்போது, இந்த விளையாட்டு முழுவதும் பாதிப் பறவையைத்தான் பார்க்கிறது என்று தோன்றியது.

புத்தகங்களில் இவை டானேஜர் குடும்பத்தில் இருக்கின்றன. 380-க்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட பெரிய குடும்பம் அது. அனேகமாக எல்லா இனங்களும் அமெரிக்கக் கண்டங்களிலும் அவற்றை ஒட்டிய தீவுகளிலும்தான் வாழ்கின்றன. பழம் தின்னும் வண்ணப் பறவைகளுக்குப் பேர்போன குடும்பம் என்பதால், விதை தின்னும் இந்தக் கறுப்புக் குருவிகளை வெகுகாலம் வேறு வீட்டில் வைத்திருந்தார்கள். மரபணு ஆய்வுகள் வந்த பிறகுதான் இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். டார்வின் பெயரால் அறியப்படும் காலபகோஸ் குருவிகளும் இதே குடும்பம்தான். டோவா-டோவாவுக்கு இன்னொரு வேடிக்கை உண்டு. 1766-இல் லின்னேயஸ் அதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது, ஆப்பிரிக்காவின் அங்கோலாவிலிருந்து வந்தது என்று யாரோ சொன்னதை நம்பி 'அங்கோலென்சிஸ்' என்று எழுதிவிட்டார். ஆப்பிரிக்காவையே பார்க்காத பறவை அது. முதலில் வைத்த பெயருக்கே முன்னுரிமை என்பது பெயரிடும் விதி என்பதால், இன்றுவரை அங்கோலாக் குருவியாகவே இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பந்தயம். கடற்சுவர்ப் பக்கமிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. புல்வெளியில் இருபது முப்பது ஆண்கள் சின்னச் சின்னக் கும்பலாக நின்றார்கள். கூண்டுகளின் மேல் துணி போர்த்தியிருந்தது. நிலத்தில் நட்ட கம்பத்தில் இரண்டு கூண்டுகளை அருகருகே தொங்கவிடுகிறார்கள். இடைவெளி ஒரு அடிதான். ஒவ்வொரு குருவிக்கும் எண்ணுவதற்கு ஒருவர். துணியை எடுத்ததும் கூட்டம் வாயை மூடிக்கொள்கிறது. எந்தக் குருவி முதலில் 50 கூவலைத் தொடுகிறதோ அது ஜெயித்தது. இதற்கு அவர்கள் சொல்லும் பெயர் 'ரேஸ்'. ஓடாமல் பறக்காமல் நின்ற இடத்திலேயே நடக்கும் ரேஸ்.

டோவா-டோவாக்கள்தான் முதலில். ஒரு குருவி ஆரம்பத்திலேயே பிடித்துக்கொண்டது. தெளிவான விசில் சத்தங்கள் சில, பிறகு வேகம் கூடிக் கீழிறங்கி ஒன்றோடொன்று கலக்கும் கீச்சல். எதிர்க்குருவி குச்சியில் இப்படியும் அப்படியுமாகத் தாவியது. தண்ணீர்க் கிண்ணத்தில் அலகை நனைத்தது. இறகைச் சிலிர்த்தது. சொந்தக்காரர் கைகளைக் கட்டிக்கொண்டு, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் தகப்பன் முகத்தோடு நின்றார். இருபது தாண்டிய பிறகு அதுவும் பாட ஆரம்பித்தது. ஆனால் பிந்திவிட்டது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கைமாற வேண்டிய பணம் ஓசையில்லாமல் கைமாறியது. தோற்ற குருவியைச் சொந்தக்காரர் திட்டவில்லை. கூண்டுக்குள் விரலை நீட்டி ஏதோ சொன்னார், துணியைப் போர்த்தினார்.

எனக்கு இதில் ஒரு நெருடல். அங்கே யாரும் பாட்டைக் கேட்கவில்லை, எண்ணினார்கள். இனிமையாகப் பாடிய குருவிக்குத் தனி மதிப்பெண் கிடையாது. நீளமாக இழுத்துப் பாடினாலும் ஒன்று, சுருக்கமாக முடித்தாலும் ஒன்று. இதை என் பக்கத்தில் நின்ற தையல்காரரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "அங்கிள், அழகு வீட்டில் கேட்க. இங்கே கணக்கு" என்றார்.

அந்தத் தையல்காரரின் குடும்பப் பெயர் 'சம்மி' என்று முடிவது. வீராசம்மி, மூன்சம்மி, ராம்சம்மி என்று கயானாவில் எத்தனையோ பேர் உண்டு. வீராசாமியும் முனுசாமியும் ராமசாமியும் ஆங்கிலேயக் குமாஸ்தாக்களின் பேரேட்டில் ஏறி இறங்கிய வடிவங்கள் அவை. 1838-லிருந்து 1917 வரை ஏறக்குறைய 2,39,000 இந்தியர்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாக இங்கே வந்தார்கள். பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பலேறியவர்கள். 1845-இல் தொடங்கி மதராஸிலிருந்தும் கப்பல்கள் வந்தன என்றாலும் அவை கொண்டுவந்தவர்கள் சிறு பகுதிதான். மொழி போய்விட்டது. மாரியம்மன் போகவில்லை. காளி மாயி பூசையில் தப்பு இன்னும் அடிக்கிறார்கள், அதைத் 'தப்பு' என்றே சொல்கிறார்கள். குருவி வளர்ப்பையும் நம்மவர்கள் கொண்டுவந்திருப்பார்களோ என்று பெருமைப்பட எனக்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. புல்வெளியில் நின்றவர்களில் ஆப்பிரிக்க வம்சத்தினர், இந்திய வம்சத்தினர், கலப்பினத்தினர் எல்லோரும் இருந்தார்கள். தேர்தல் என்று வந்தால் இன வாரியாகப் பிரிந்துவிடும் நாட்டில், கூண்டு விஷயத்தில் அந்தப் பிரிவைக் காணவில்லை.

சற்று வெயில் ஏறிய பிறகு ட்வா-ட்வாக்களைக் கொண்டுவந்தார்கள். நாலே கூண்டுகள். அவற்றின் சொந்தக்காரர்கள் மற்றவர்களைவிட வயதில் மூத்தவர்கள், உடுப்பிலும் ஒரு படி மேல். இந்தக் குருவியின் குரல் வேறு ரகம். கனமான, குழலை ஒத்த விசில்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே மூச்சு விட இடம் இருக்கிறது. டோவா-டோவாவைப் போலப் பொரிந்து தள்ளுவதில்லை. இரண்டையும் ஒரே கம்பத்தில் தொங்கவிட்டுப் போட்டி வைப்பதில்லை என்று தையல்காரர் சொன்னார். வைத்தால் அது போட்டியாகவும் இராது.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் குரல் உறுப்பில் மட்டும் இல்லை, அலகிலும் இருக்கிறது. பறவை பாடும்போது ஒவ்வொரு சுரத்துக்கும் ஏற்ப அலகைத் திறந்து மூடுகிறது. கெட்டியான விதையை நொறுக்குவதற்கென்று வளர்ந்த தாடைக்கு வலு அதிகம், வேகம் குறைவு. வலுவும் வேகமும் ஒரே தாடையில் உச்சத்துக்குப் போக முடியாது. ஜெஃப்ரி போடோஸ் என்ற ஆய்வாளர் காலபகோஸ் குருவிகளில் இதை அளந்து 2001-இல் வெளியிட்டார். அலகு பெருக்கப் பெருக்கப் பாட்டின் வேகம் குறைகிறது. ஒன்றுவிட்ட சொந்தமான கயானாக் குருவிகளுக்கும் அதே உடற்கூறுதான். புல்வெளியில் நான் கேட்ட வேறுபாடு அந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது.

இரை தின்பதைப் பார்க்க வேண்டும் என்று தையல்காரரின் வீட்டுக்குப் போனேன். ஜார்ஜ்டவுனின் பழைய வீடுகளைப் போலவே மரவீடு, கால்களின் மேல் நிற்பது. மாடிப்படியின் கீழே கூண்டுகள். சாலையோரம் அறுத்துவந்த புல்கதிர்களைக் கம்பிகளுக்கு நடுவே செருகினார். டோவா-டோவா கதிரின் அடியிலிருந்து நுனிக்கு அலகால் உருவியது. விதையை அலகின் ஓரத்துக்குத் தள்ளி, கீழ்த்தாடையை அழுத்தி நொறுக்கி, நாக்கால் உருட்டியது. உமி இரண்டு பக்கமும் சிதற, பருப்பு உள்ளே போனது. இதெல்லாம் கண்ணிமைக்கும் நேரம். ட்வா-ட்வாவுக்கு அந்த மெல்லிய புல்விதைகளில் பெரிய ஆர்வமில்லை. அதற்காகத் தனியாக ஒரு தகர டப்பாவில் கோரை இனத்து விதைகள் வைத்திருந்தார். கடுகைவிடப் பெரியவை, ஓடு மாதிரி கெட்டியானவை. நான் ஒன்றைப் பல்லில் வைத்துப் பார்த்தேன், எளிதில் உடைவதாக இல்லை. குருவி அதை அலகில் வாங்கியதும் மெல்லிய 'டிக்' கேட்டது.

"இந்த விதை எங்கே கிடைக்கிறது?"

"முன்பெல்லாம் வாய்க்கால் தாண்டினால் கிடைத்தது. இப்போது மஹைக்காவுக்கு அந்தப் பக்கம் போகிற தம்பி ஒருவன் கொண்டுவந்து தருகிறான். விதைக்கு விலை, அவன் பஸ்ஸுக்கு விலை."

வாய்க்கால் தாண்டினால் என்று அவர் சொன்னது ஒரு பெரிய கதையின் நுனி. கயானாவின் கடற்கரைச் சமவெளி முழுக்க ஒருகாலத்தில் சதுப்பு. கடல் பொங்கும் நேரத்தில் நிலம் கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. டச்சுக்காரர்கள் 18-ஆம் நூற்றாண்டில் கரைகளும் வாய்க்கால்களும் மதகுகளும் போட்டு அதை வடித்துக் கரும்பு நட்டார்கள். போட்டார்கள் என்றால், ஆப்பிரிக்க அடிமைகளைப் போட வைத்தார்கள். அப்படி அந்த மனிதர்கள் மண்வெட்டியால் வெட்டி நகர்த்திய ஈரக் களிமண் 10 கோடி டன் என்று வரலாற்றறிஞர் வால்டர் ராட்னி எழுதியிருக்கிறார். வடிந்த சதுப்போடு பெரும் கோரைக்காடுகளும் போயின. ட்வா-ட்வாவின் சாப்பாட்டுத் தட்டு அதுதான். டோவா-டோவாவுக்கு அந்தக் கவலை இல்லை. தோட்டத்தின் வரப்பு, கைவிட்ட நிலம், சாலை போட்டபோது வெட்டிய காட்டின் ஓரம் என்று மனிதன் கலைத்துப்போட்ட இடமெல்லாம் புல் முளைக்கும். புல் முளைத்த இடத்தில் அது பிழைத்துக்கொள்ளும்.

அப்படி ஒரு இடத்தில்தான் அதைக் கூண்டில்லாமல் பார்த்தேன். ஜார்ஜ்டவுனுக்குத் தெற்கே சூஸ்டைக்கிலிருந்து லிண்டனுக்குப் போகும் சாலை, உப்பளம் போல வெளுத்த மணல்மேடுகளின் வழியே ஓடுகிறது. மரம் வெட்டி எரித்து, பிறகு அப்படியே விட்டுப்போன திட்டுகளில் இடுப்பளவு புதர். காலை ஏழு மணி வெயிலில் ஒரு காய்ந்த கிளை நுனியில் டோவா-டோவா ஆண் உட்கார்ந்து பாடியது. கூண்டுக் குருவியிடம் நான் கேட்ட அதே பாட்டு, ஆனால் முழுசாக. ஒரு பாட்டு முடிந்ததும் தலையைச் சாய்த்து ஏதோ கேட்டது. தொலைவில் இன்னொரு ஆண் பதில் சொன்னது. அது முடிந்த பிறகுதான் இது மறுபடி ஆரம்பித்தது. கீழே புதருக்குள் பழுப்புப் பெண் ஒன்று வேர்நார் கவ்விக்கொண்டு நுழைந்தது. சின்னக் கிண்ணம் போன்ற கூடு கட்டும், பெரும்பாலும் இரண்டு முட்டையிடும். நான் கூட்டைத் தேடவில்லை. தேடினால் என் பின்னால் வேறு யாராவது தேடுவார்கள் என்று வண்டியோட்டி முன்கூட்டியே எச்சரித்திருந்தார்.

குருவி பிடிப்பவர்களின் முறை எளிது, கொஞ்சம் குரூரமும்கூட. பழக்கிய ஆண் குருவி ஒன்றைக் கூண்டோடு புதரில் தொங்கவிடுவார்கள். அது பாடும். அந்த இடத்துக்குச் சொந்தக்கார ஆண், யார் நம் எல்லைக்குள் வந்தது என்று சீறிக்கொண்டு வரும். கூண்டின் மேல் நீட்டியிருக்கும் குச்சியில் உட்காரும். குச்சியில் மரப்பாலைக் காய்ச்சிய பசை. புல்வெளிக் கம்பத்தில் நடப்பதும் இதே கோபம்தான். ஒரு அடி தூரத்தில் எதிரி ஒருவன் நகராமல் உட்கார்ந்திருக்கிறான். துரத்த முடியவில்லை, விலகவும் முடியவில்லை. கம்பி குறுக்கே இருக்கிறது. பாடுவது ஒன்றுதான் மிச்சம். கூட்டம் அதை ஐம்பது வரை எண்ணுகிறது. இளங்குருவி பாட்டைப் பிறவியிலேயே கொண்டுவருவதில்லை, அக்கம்பக்கத்து ஆண்களைக் கேட்டுத்தான் கற்கிறது என்பதையும் சேர்த்துக்கொண்டால், நன்றாகப் பாடும் ஆண் ஒன்றைப் பிடிக்கும்போது அந்தப் புதரின் வாத்தியாரையும் சேர்த்தே பிடிக்கிறார்கள்.

ட்வா-ட்வாவைக் காட்டில் பார்க்கும் ஆசையில் மஹைக்கா ஆற்றில் படகில் போனேன். ஆற்றோரத்தில் கயானாவின் தேசியப் பறவையான ஹோட்சின் கூட்டம் கூட்டமாக இருந்தது. கொண்டை விரித்துக்கொண்டு, மூச்சிரைக்கும் சத்தம் போட்டுக்கொண்டு, இலை தின்று வயிற்றில் புளிக்கவைத்துச் சாண நாற்றம் அடிக்கும் பறவை. சுற்றுலாப் பயணிகள் அதற்காகத்தான் வருகிறார்கள். அதை யாரும் கூண்டில் அடைப்பதில்லை, நாற்றம் அதைக் காப்பாற்றுகிறது. படகோட்டியிடம் ட்வா-ட்வா பற்றிக் கேட்டேன். தன் அப்பா காலத்தில் இந்தக் கோரை ஓரங்களிலேயே இருந்தது என்றார். இப்போது பிடிப்பவர்கள் உள்நாட்டுக்குள் வெகுதூரம் போகிறார்கள், வெனிசுலா எல்லைப் பக்கமிருந்தும் வருகிறது என்றார். அரை நாள் கோரைகளையே பார்த்துக்கொண்டு வந்தோம். வேறு சின்ன விதைக்குருவிகள் வந்தன. வெள்ளை அலகு ஒன்றும் வரவில்லை.

உலகக் கணக்கில் ட்வா-ட்வாவுக்கு உடனடி ஆபத்து இல்லை. கொலம்பியாவிலிருந்து வட பிரேசில் வரை பரந்த பரப்பில் வாழ்கிறது. ஆனால் பக்கத்துத் தீவான டிரினிடாடில் இது காட்டிலிருந்து அடியோடு போய்விட்டது. கூண்டுக்காரர்கள் கடைசிவரை பிடித்துத் தீர்த்தார்கள். அதே தீவில் டோவா-டோவாவும் அருகிவிட்டது. பெரிய அலகுக்காரன் முதலில் போனான், சின்னவன் பின்னால் போகிறான் என்பதே நான் படித்த எல்லா இடங்களிலும் வரிசை. பிரேசிலில் ட்வா-ட்வாவின் நெருங்கிய உறவினன் ஒருவன் உண்டு. இன்னும் பெரிய அலகு, 'பிகூடோ' என்பார்கள். காட்டில் அதைப் பார்ப்பது அரிதிலும் அரிது. வளர்ப்பவர்களின் கூண்டுகளிலோ ஏராளம். டோவா-டோவாவுக்கு அங்கே 'குரியோ' என்று பெயர். அதன் பாட்டில் ஊருக்கு ஊர் பாணி உண்டு. சாவோ பாவ்லோ கடற்கரையின் பிரையா கிராந்தி பாணிக்குத்தான் மவுசு. குஞ்சுகளுக்கு அதை ஒலிப்பதிவில் போட்டுக் காட்டிப் பாடம் நடத்துகிறார்கள். அங்கே எண்ணிக்கையோடு பாட்டின் அழகுக்கும் தனிப் போட்டிகள் இருக்கின்றன. தையல்காரருக்கு இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

கயானாக் குருவிக்கு வெளிநாட்டிலும் சந்தை உண்டு. நியூயார்க்கின் குயீன்ஸ் பகுதியில் ரிச்மண்ட் ஹில்லைக் 'குட்டி கயானா' என்றே அழைக்கிறார்கள். அங்குள்ள பூங்காவிலும் ஞாயிறு காலை கூண்டுகள் தொங்குகின்றன. அமெரிக்காவில் பிறந்த குருவி கயானாக் குருவிபோலப் பாடாது என்பது அங்கே அசைக்க முடியாத நம்பிக்கை. சட்டப்படி கொண்டுபோனால் 30 நாள் தனிமைப்படுத்தல், அனுமதிச் சீட்டு, நோய்ச் சோதனை எல்லாம் உண்டு. அதைச் சுற்றிக்கொண்டு போக ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பெண்கள் தலைமுடி சுருட்டும் பிளாஸ்டிக் உருளைக்குள் குருவிக்கு ஒன்றாக நுழைத்து, இரண்டு பக்கமும் வலைத்துணியால் அடைத்து, உடுப்புக்குள்ளோ பைக்குள்ளோ வைத்துவிடுவது. 2018 டிசம்பரில் கென்னடி விமான நிலையத்தில் ஜார்ஜ்டவுனிலிருந்து வந்த ஒரு பயணியின் பையில் இப்படி 70 குருவிகள் இருந்தன. ஜெயிக்கும் குருவிக்கு 5,000 டாலருக்கு மேல் கிடைக்கும் என்று அமெரிக்க நீதிமன்ற ஆவணங்கள் சொல்கின்றன. 13 கிராம் எடைக்கு அந்த விலை என்றால் தங்கம் எவ்வளவோ மலிவு. பிடிபட்டவர்களில் சிலர் சில்லறைக் கூலிக்காரர்கள், பணம் போட்டவர்கள் வேறு யாரோ.

ஜார்ஜ்டவுனிலிருந்து கிழக்கே மினிபஸ்ஸில் கரீபிய இந்தியர்களின் சட்னிப் பாட்டு காதைப் பிளக்க, நெல்லும் கரும்பும் மாறி மாறி வர, பெர்பீஸ் மிதவைப் பாலத்தைக் கடந்து எல்லைக்குப் போனேன். கொரண்டைன் ஆறு இங்கே கடல்போல அகலம். மோல்சன் க்ரீக்கில் படகுக்காரர்களின் கூப்பாட்டைத் தாண்டிப் பெரிய ஃபெர்ரியில் ஏறினால் அரை மணியில் சூரினாம். கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ள வேண்டும். மொழி டச்சுக்கு மாறுகிறது, சாலையில் வண்டிகள் மட்டும் கயானாபோலவே இடப்பக்கம் ஓடுகின்றன. சோதனைச் சாவடியில் என் பையைக் கவிழ்த்துப் பார்த்த அதிகாரி, பைனாகுலரைத் தூக்கிக் காட்டி எதற்கு என்றார். பறவை பார்க்க என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. தன் வீட்டில் மூன்று பிக்கோலெட் இருப்பதாகச் சொல்லி, கைப்பேசியில் ஒன்றைப் பாடவிட்டே என்னை விட்டார். பிக்கோலெட் என்பது சூரினாமில் டோவா-டோவாவின் பெயர். பெரியதற்கு இங்கேயும் ட்வாட்வாதான்.

சூரினாமின் தலைநகரான பாரமரிபோவில் பந்தயம் நடக்கும் இடம் நாட்டின் நடுக்கூடம். ஜனாதிபதி மாளிகைக்கு எதிரே உள்ள சுதந்திரச் சதுக்கத்தின் புல்தரை அது. ஞாயிறு காலை அங்கே கம்பங்கள் வரிசையாக நிற்கின்றன. கயானாவின் முறைசாராச் சூழல் இங்கே இல்லை. சங்கம், அட்டவணை, நடுவர், சுழற்கோப்பை என்று எல்லாம் ஒழுங்கு. விதியும் வேறு. யார் முதலில் ஐம்பது என்ற ஓட்டம் கிடையாது. இரண்டு குருவிகளை எதிரெதிரே வைத்துக் குறித்த நேரம் கொடுக்கிறார்கள். அதற்குள் யார் அதிகம் கூவினார் என்று சாக்பீஸால் கரும்பலகையில் கோடு போடுகிறார்கள். தயங்கி ஆரம்பிக்கும் குருவிக்கும் இதில் பிழைக்க வழி இருக்கிறது. ஐம்பதைத் தொட்டதும் முடித்துவிடும் கயானா விதியைவிட இது எனக்குப் பிடித்தது. முதல் ஐந்து நிமிடம் மௌனமாக இருந்த ஒரு ட்வாட்வா, பிறகு ஆரம்பித்து நிறுத்தாமல் போனதை இங்கேதான் கேட்டேன். ஜார்ஜ்டவுனில் அது துணி மூடப்பட்டு வீட்டுக்குப் போயிருக்கும்.

பிக்கோலெட் பகுதியில் இளைஞர்கள் அதிகம். கிரியோல், இந்துஸ்தானி, ஜாவானியர், மரூன் என்று சூரினாமின் எல்லா முகமும் அங்கே இருந்தது. ட்வாட்வாப் பகுதியில் நரைத்த தலைகள். பிக்கோலெட் வாங்கக் கையில் இருக்கும் காசு போதும், ட்வாட்வா வாங்க வீட்டில் ஒரு பஞ்சாயத்து கூட்ட வேண்டும் என்று ரொட்டிக் கடைக்காரர் ஒருவர் சொன்னார். காட்டுக்குருவி கிடைப்பது குறைந்துவிட்டதால் பெரியவர்களில் சிலர் வீட்டிலேயே இணைசேர்த்துக் குஞ்சு பொரிக்க வைக்கிறார்கள். ட்வாட்வா லேசில் இணங்காது. பெண்ணையும் ஆணையும் தவறான நாளில் ஒன்றாக விட்டால் ஒன்றையொன்று கொத்திக் குதறிவிடும். அப்படிப் பொறுமையாக வளர்த்த குருவியோடு வந்திருந்தார் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர். அது அன்று ஜெயித்தும்விட்டது.

தோற்ற குருவியின் சொந்தக்காரர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. வீட்டில் பிறந்தது பாடுவதெல்லாம் பாட்டா, மழையும் பாம்பும் பார்க்காத குருவி அது, கைப்பேசியைக் கேட்டுப் பாடுகிறது என்றார். ஆசிரியர் விடவில்லை. "உன் குருவி காட்டில் யாரைக் கேட்டுப் பாடியதோ, அந்தக் கிழவனையும் நீதானே போன வருஷம் பிடித்து வந்தாய்? இனிமேல் அங்கே யார் சொல்லிக்கொடுப்பார்கள்?" என்றார். சுற்றி நின்றவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். டச்சில் ஆரம்பித்தது உள்ளூர் மொழியான ஸ்ரானனுக்கு மாறி, எனக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தவரும் ஒரு கட்சியில் சேர்ந்துவிட்டதால் அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் புரியவில்லை. நடுவர் கரும்பலகையைத் துடைத்துவிட்டு, அடுத்த ஜோடி காத்திருக்கிறது, சண்டையை வெளியே போய் வைத்துக்கொள்ளுங்கள் என்று இரண்டு பேரையும் கம்பத்திலிருந்து தள்ளிக்கொண்டு போனார்.